ஊருக்குச் சொல்லும் பலகை

கணியூருக்குப் போனால் எனக்கு இரண்டு காரியங்கள் உண்டு. ஒன்று, அக்கா வீட்டில் வயிறாரச் சாப்பிடுவது. மற்றொன்று, சாயங்காலம் அமராவதிக் கரையில் போய்ச் சும்மா உட்கார்ந்திருப்பது. எழுத்தாளன் சும்மா உட்கார்ந்திருந்தால், ஏதோ பெரிதாக யோசனை செய்கிறான் என்று ஊரார் நினைத்துக்கொள்கிறார்கள். அந்த மரியாதையை நானாகக் கெடுத்துக்கொள்வதில்லை.

சென்ற தை மாதம் போயிருந்தபோது மூன்றாவதாக ஒரு காரியம் வந்து சேர்ந்தது. அக்கா மகன் ஏணியின் உச்சியில் நின்றுகொண்டிருந்தான். நான் ஏணியைப் பிடித்துக்கொள்ள வேண்டும். அவ்வளவுதான் காரியம். ஆனால் அந்த ஏணியைப் பிடித்த அரை மணி நேரத்தில் என் மனம் ஆயிரம் வருஷம் பின்னுக்குப் போய் வந்தது. அதைத்தான் இங்கே எழுதப் போகிறேன்.

கணியூர் இன்று திருப்பூர் மாவட்டம், மடத்துக்குளம் தாலுகாவைச் சேர்ந்தது. 2009-ஆம் ஆண்டில் திருப்பூர் தனி மாவட்டம் ஆகும் வரையில் அது கோவை மாவட்டம், உடுமலைப்பேட்டைத் தாலுகா. ஆற்றுப் பாய்ச்சல் உள்ள பூமி. நெல்லும் கரும்பும் தென்னையுமாக இருக்கும். அந்தப் பசுமையைப் பார்த்தால், பனியன் தொழிலுக்கும் இந்த ஊருக்கும் என்ன சம்பந்தம் என்றுதான் தோன்றும். விடியற்காலையில் சாலை முக்கில் போய் நின்று பாருங்கள், சம்பந்தம் தெரியும். தூக்குப் போசியும் பையுமாகப் பெண்கள் கூட்டம் கூட்டமாக நிற்பார்கள். கம்பெனி பஸ் வரும், ஏற்றிக்கொண்டு போகும், இருட்டிய பிறகு கொண்டுவந்து விடும். 1920-களில் திருப்பூரில் சில கைமெஷின்களோடு ஆரம்பித்த பின்னலாடைத் தொழில், நூறு வருஷத்தில் இப்படி அமராவதிக் கரை வரை கை நீட்டிவிட்டது.

அந்தச் சாலை முக்கில் ஒரு பனியன் கம்பெனி தகரக் கொட்டகை ஒன்று போட்டு, அதில் பெரிய டி.வி. ஒன்றை மாட்டியிருக்கிறது. அது டி.வி. மாதிரி இருக்கிறதே தவிர, டி.வி. அல்ல. அதில் சினிமாவும் வராது, சீரியலும் வராது. இன்றைக்கு பஸ் எத்தனை மணிக்கு, எந்தப் பிரிவுக்கு ஓவர்டைம், சம்பளம் எப்போது, நாளைக்கு லீவு உண்டா என்று மாற்றி மாற்றிச் சொல்லிக்கொண்டே இருக்கும். அதன் முதுகில் உள்ளங்கைக்குள் அடங்கக்கூடிய ஒரு சின்னப் பெட்டி ஒட்டிக்கொண்டிருக்கிறது. காட்ட வேண்டிய படங்களையும் எழுத்துக்களையும் சேமித்து வைத்துக்கொண்டு, எதை எந்த நேரத்தில் காட்டுவது என்று தீர்மானிப்பது அந்தப் பெட்டிதான். மேலே இருக்கும் பெரிய திரை வெறும் முகம். மூளை முதுகில் இருக்கிறது. இந்த மாதிரிப் பெட்டிகளைப் பொருத்திக் கொடுத்துப் பழுது பார்ப்பதுதான் அக்கா மகனுக்கு ஜீவனம்.

“ஏன் மாப்பிள்ளை, நல்லாத்தானே ஓடிக்கிட்டிருக்குது? எதுக்குக் கழட்டறே?” என்று கேட்டேன்.

“நல்லா ஓடுச்சுங்க மாமா. தப்பாச் சொல்லிப் போடுச்சு” என்றான்.

ஒரு சனிக்கிழமை சாயங்காலம், திங்கட்கிழமை முதல் பஸ் 6.40-க்குப் பதிலாக 6.20-க்கே புறப்படும் என்று கம்பெனியில் முடிவு செய்திருக்கிறார்கள். அவசர ஆர்டர். மாப்பிள்ளை வீட்டில் உட்கார்ந்தபடியே புதிய அறிவிப்பை அனுப்பிவிட்டான். பெட்டியும் அதை ஒழுங்காக வாங்கி வைத்துக்கொண்டது. ஞாயிறு பிறந்ததும் பழையது மறைந்து புதியது வர வேண்டும் என்பது கட்டளை. ஆனால் சனி இரவு ஒன்பது மணிக்குக் காவல்காரர் கொட்டகையின் மெயின் சுவிட்சை அணைத்துவிட்டுப் போனார். திங்கள் விடியற்காலையில்தான் போட்டார். இடையில் இண்டர்நெட்டுக்குக் கட்ட வேண்டிய பணம் கட்டாமல் அதுவும் நின்று போயிருந்தது.

இந்தச் சின்னப் பெட்டிகள் பலவற்றில் ஒரு விசித்திரம் உண்டு. இவற்றுக்குச் சொந்தமாகக் கடிகாரம் கிடையாது. நம் கைக்கடிகாரம், அணைந்து கிடக்கும் விளக்கின் கீழும் ஓடிக்கொண்டிருக்கிறது. இவையோ கரண்டு போனால் நேரத்தையும் மறந்துவிடும். திரும்ப உயிர் வந்ததும் இண்டர்நெட்டைக் கேட்டு மணியைத் தெரிந்துகொள்ளும். அது கிடைக்காவிட்டால், கடைசியாகக் குறித்து வைத்த நேரத்திலிருந்து ஒன்றும் நடவாதது போல் மேலே எண்ணத் தொடங்கும். திங்கட்கிழமை காலை ஆறு மணிக்குக் கண் விழித்த அந்தப் பெட்டிக்கு, தான் இன்னும் சனி இரவு ஒன்பது மணியில் இருப்பதாகவே ஞாபகம். ஆகவே, பஸ் 6.40 என்று பளிச்சென்று காட்டிக்கொண்டிருந்தது. அதை நம்பி நின்ற ஏழெட்டுப் பெண்களை விட்டுவிட்டு பஸ் போயே போய்விட்டது.

அவர்களில் ஒருத்திக்கு வேறு பஸ் பிடித்துப் போகக் கையில் பணம் இல்லை. வீட்டுக்குத் திரும்பிவிட்டாள். ஒரு ஷிப்டு கூலி போயிற்று. திருப்பூர்க் கணக்கில் வாழ்க்கையை ஷிப்டால்தான் அளப்பார்கள். அரை ஷிப்டு, ஒரு ஷிப்டு, ஒன்றரை ஷிப்டு. சனிக்கிழமை கணக்குத் தீர்த்துக் கையில் கொடுப்பார்கள். அந்த வாரம் அவள் கணக்கில் ஒன்று குறைந்தது. மாப்பிள்ளை மனது கேளாமல் தன் பையிலிருந்து அந்தக் கூலியைக் கொடுக்கப் போயிருக்கிறான்.

“நீயெதுக்குத் தம்பி குடுக்கோணும்? பொய் சொன்னது பொட்டி. பொட்டிகிட்டப் போயி நான் கூலி கேக்க முடியுமா?” என்று சொல்லி, வாங்க மறுத்துவிட்டாளாம்.

இதை அவன் ஏணியின் மேலிருந்து சொன்னபோது எனக்குச் சுருக்கென்றது. பொய் சொன்ன பெட்டியிடம் கூலி கேட்க முடியாது. பின்னே யாரிடம் கேட்பது? ஊருக்குப் பொதுவாக ஒரு செய்தியைச் சொல்லுகிறவன், அந்தச் செய்திக்கு எவ்வளவு தூரம் பொறுப்பாளி? இந்தக் கேள்விக்கு நம்முடைய பெரியவர்கள் என்ன வழி வைத்திருந்தார்கள் என்று தேடிப் பார்க்கத் தோன்றியது.

கணியூருக்கு அருகிலேயே அமராவதிக் கரையில் கடத்தூர் இருக்கிறது. அங்கே அர்ச்சுனேசுவரர் கோயில் சுவர்களில் கொங்குச் சோழர் காலத்துக் கல்வெட்டுக்கள் நிறைய இருக்கின்றன. சிறு பையனாக இருந்தபோது அவற்றை நான் ஏதோ சித்திர வேலை என்று நினைத்துக் கையால் தடவிப் பார்த்திருக்கிறேன். பிற்பாடுதான், அது கோயிலுக்கு அழகு செய்ய வெட்டியதல்ல, அந்தக் காலத்து அறிவிப்புப் பலகை என்று தெரிந்தது. கோயில்தான் ஊரார் அனைவரும் வந்து போகும் இடம். நிலம் கொடுத்ததும், விளக்குக்குப் பொன் வைத்ததும், வரி விட்டுக் கொடுத்ததும் அங்கேதான் எழுதப்பட வேண்டும். எழுதிவிட்டால் இல்லையென்று சொல்ல முடியாது.

கொங்குச் சோழர் கல்வெட்டுக்களில் ஒன்று எனக்கு மிகவும் பிடித்தமானது. கரூர்ப் பசுபதீசுவரர் கோயிலில் உள்ளது. வெங்கால நாட்டுக் கம்மாளர்களுக்கு அரசன் கொடுத்த உரிமையைச் சொல்லுவது. ஆடி மாதம் முதல், அவர்கள் வீட்டு நன்மை தீமைகளுக்கு இரட்டைச் சங்கு ஊதிக்கொள்ளலாம், பேரிகை கொட்டிக்கொள்ளலாம், வெளியே போகும்போது காலில் செருப்புப் போட்டுக்கொள்ளலாம், வீட்டுச் சுவருக்குச் சாந்து பூசிக்கொள்ளலாம் என்பது அதன் சாரம். அதுவரை இவையெல்லாம் கூடாது என்றிருந்திருக்கிறது! இந்த உரிமையை அரசன் வாயால் சொல்லியிருந்தால், அரண்மனை வாசலைத் தாண்டுவதற்குள் காற்றோடு போயிருக்கும். கல்லில் வெட்டியதனால், மறுநாள் ஒரு தட்டான் செருப்புப் போட்டுக்கொண்டு தெருவில் போனபோது, யாராவது தடுத்திருந்தால், “போய்ச் சுவரைப் பார்!” என்று சொல்லியிருக்கலாம் அல்லவா?

உத்தரமேரூர்க் கல்வெட்டு இன்னும் விசேஷமானது. முதற் பராந்தக சோழன் காலத்தில், ஊர்ச் சபைக்கு ஆட்களைக் குடவோலை மூலம் தேர்ந்தெடுக்கும் விதிகளைச் சபை மண்டபத்துச் சுவரில் வெட்டி வைத்தார்கள். அதைப் பற்றிப் பள்ளிக்கூடத்தில் நாம் எல்லோரும் படித்திருக்கிறோம். ஆனால் அங்கே இருப்பது ஒரு சாசனம் அல்ல, இரண்டு. அரசனுடைய 12-ஆம் ஆட்சியாண்டில், அதாவது கி.பி. 919-இல், ஒரு விதி செய்தார்கள். 14-ஆம் ஆட்சியாண்டில், 921-இல், அதைத் திருத்தி விரிவாக மற்றொன்று செய்தார்கள். பழையதைச் செதுக்கி எறியவில்லை. இரண்டும் சுவரில் இருக்கின்றன. இரண்டிலும் ஆண்டு இருக்கிறது. எந்த அதிகாரி முன்னிலையில் சபை கூடி முடிவு செய்தது என்பதும் இருக்கிறது. வாசிக்கிறவனுக்கு எது பழசு, எது புதுசு, யார் சொன்னது என்பதில் சந்தேகமே வராது.

இதை நினைத்தபோது ஏணியைப் பிடித்திருந்த என் கை சற்றுத் தளர்ந்துவிட்டது. “மாமா, கெட்டியாப் புடிங்க!” என்று மேலிருந்து குரல் வந்தது.

“மாப்பிள்ளை, உன் பலகையிலே தேதி இருந்துதா?”

“இல்லீங்க. பஸ் நேரம் மட்டும் பெருசாத் தெரிஞ்சாப் போதும்னு கம்பெனியில சொல்லிட்டாங்க.”

ஆயிரத்து நூறு வருஷத்துக்கு முன் உத்தரமேரூர்க் கல்தச்சனுக்குத் தெரிந்திருந்த சங்கதி நமக்கு மறந்து போயிற்று.

சுவரைப் படிக்க எல்லோராலும் முடியாது. ஆகவே அறிவிப்பு வீதிக்கு வந்தது. அதுதான் தண்டோரா. “இதனால் சகலமானவருக்கும் அறிவிப்பது என்னவென்றால்...” என்ற குரலை நாடகத்திலும் சினிமாவிலும் கேட்டு ரசிக்கிறோம். இந்த முறையில் ஒரு சௌகரியம் இருந்தது. தண்டோரா போடுகிறவன் முன்னால் நிற்கிறான். அவன் சொல்வது இன்றைய செய்தி. சந்தேகம் இருந்தால் அவனையே நிறுத்திக் கேட்கலாம். ஆனால் அந்தச் சௌகரியத்துக்கு யார் விலை கொடுத்தார்கள் என்பதையும் மறக்கக் கூடாது. பறையடித்துச் செய்தி சொல்வது, ஒரு சாதியாரின் தலையில் பரம்பரை பரம்பரையாகச் சுமத்தப்பட்ட ஊழியம். ஊர் முழுவதற்கும் செய்தி சொல்லுகிறவன், பல தெருக்களில் திண்ணையில் உட்கார முடியாது. தமிழ்நாட்டில் இந்த வழக்கத்துக்கு அரசாங்கத்தின் தலைமைச் செயலர் முற்றுப்புள்ளி வைக்கச் சொல்லி, அதற்குப் பதிலாக வாகனத்தில் ஒலிபெருக்கி கட்டி அறிவிக்கலாம் என்று மாவட்ட ஆட்சித்தலைவர்களுக்கு எழுதியது 2022 ஆகஸ்டில்தான். அவ்வளவு பிந்தி! யந்திரம் வந்து மனிதனை விடுவித்த இடங்களும் உண்டு என்பதற்காக இதைச் சொல்லுகிறேன். பழையது எல்லாம் பொன் என்று நான் வாதாட வரவில்லை.

கோவைப் பக்கத்துக்கு யந்திரம் கொண்டுவந்த முதல் அறிவிப்பு, ஆலைச் சங்கு. 1888-இல் ஸ்டேன்ஸ் துரை கோவையில் நூற்பாலை தொடங்கினார். 1932-இல் பைகாரா மின்சாரம் வந்த பிறகு ஆலைகள் மளமளவென்று பெருகின. ஒவ்வோர் ஆலைக்கும் ஒரு சங்கு. கடிகாரம் இல்லாத வீடுகளில் அந்தச் சங்கைக் கேட்டுத்தான் உலை வைத்தார்கள், பிள்ளையைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பினார்கள். சங்குக்குத் தெரிந்தது ஒரே ஒரு செய்தி, அதாவது நேரம். அதைத் தப்பாகச் சொன்னால் ஆலையே தாறுமாறாகிவிடும். ஆகையால் அதற்கென்று ஒரு மனிதன் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

படம் காட்டிச் செய்தி சொல்லும் யந்திரத்தையும் நம் ஜனங்களுக்குக் கொண்டுவந்தவர் ஒரு கோவைக்காரர்தான். 1883-இல் பிறந்த சாமிக்கண்ணு வின்சென்ட், திருச்சியில் ரெயில்வே உத்தியோகத்தில் இருந்தார். வரைபடம் எழுதும் சாதாரண வேலை. 1905-இல் டூபாண்ட் என்ற பிரெஞ்சுக்காரர் படம் காட்டிக்கொண்டு ஊர் ஊராக வந்தார். திருச்சியில் அவருக்கு உடம்புக்கு வந்துவிட்டது. ஊருக்குத் திரும்புவதற்காகத் தம்முடைய யந்திரத்தையும் படச் சுருள்களையும் விற்க முன்வந்தார். வின்சென்ட் இரண்டாயிரத்துச் சொச்சம் ரூபாய் புரட்டி அவற்றை வாங்கினார். மாதச் சம்பளக்கார ரெயில்வே குமாஸ்தாவுக்கு அந்தக் காலத்தில் அது எவ்வளவு பெரிய தொகை என்று நினைத்துப் பாருங்கள். பெண்டாட்டி என்ன சொல்லியிருப்பாள் என்பதையும் நினைத்துப் பாருங்கள். கதாசிரியனுக்கு அந்த எண்ணம்தான் முதலில் வருகிறது.

உத்தியோகத்தை விட்டுவிட்டுக் கூடாரம் அடித்துப் படம் காட்டப் புறப்பட்டார். ஏசு நாதருடைய வாழ்க்கையைக் காட்டும் பேசாத படம் அவரிடம் இருந்தது. தென்னாட்டில் சுற்றியது போதாதென்று லாகூர், பெஷாவர் வரையில் போய்க் காட்டியிருக்கிறார். கையால் சுற்றும் யந்திரம் அது. சற்று அசந்தால் தீப்பற்றிக்கொள்ளும் சுருள். மழை, காற்று, மண், மாட்டு வண்டிப் பிரயாணம். வழியில் பழுதானால் கேட்பதற்கு ஆள் கிடையாது, சாமான் கிடையாது. யந்திரத்தை வாங்க இரண்டாயிரம் ரூபாய் போதும். அதை நாள்தோறும் உயிரோடு வைத்திருப்பதற்குத்தான் ஒரு ஆயுள் வேண்டும். 1914-இல் கோவையில் அவர் நிலையாகக் கட்டிய வெரைட்டி ஹாலுக்கு, மின்சாரத்தைக்கூட எண்ணெய் எஞ்சின் வைத்து அவரே உற்பத்தி செய்துகொள்ள வேண்டியிருந்தது. அந்தத் தெருவை இன்றும் வெரைட்டி ஹால் ரோடு என்றுதான் சொல்லுகிறார்கள்.

அவருக்குப் பின்னால் டூரிங் கொட்டகைகள் வந்தன. எங்கள் பக்கத்துக் கொட்டகையில் நான் பையனாக இருந்தபோது, படம் போடுவதற்கு முன்னால் ஒரு குறிப்பிட்ட பக்திப் பாட்டை ரிக்கார்டில் வைப்பார்கள். அந்தப் பாட்டு வந்தால் இன்னும் பத்து நிமிஷத்தில் படம் என்று அர்த்தம். வயற்காட்டில் இருப்பவர்கள்கூட ஓட ஆரம்பிப்பார்கள். இடைவேளையில் கண்ணாடிச் சில்லுகளில் எழுதிய விளம்பரங்களைக் காட்டுவார்கள்: பல்பொடி, ஜவுளிக் கடை, தங்கமாளிகை. உடுமலை ஜவுளிக் கடையின் தீபாவளித் தள்ளுபடிச் சில்லு பொங்கல் கழிந்த பிறகும் வந்துகொண்டிருக்கும். ஜனங்கள் கைகொட்டிச் சிரிப்பார்கள். அதனால் யாருக்கும் ஒரு ஷிப்டு கூலி போகவில்லை. ஆகவே சிரிக்க முடிந்தது.

ரேடியோ வந்த கதையும் இதே ரகம். 1924-இல் கிருஷ்ணசாமி செட்டியார் என்பவரும் நண்பர்களும் சென்னையில் ஒரு ரேடியோ கிளப் நடத்தினார்கள். பணம் இல்லாமல் 1927-இல் அது நின்றது. 1930-இல் சென்னைக் கார்ப்பரேஷன் அந்தக் காரியத்தை எடுத்துக்கொண்டது. வீட்டில் ரேடியோ வைத்துக்கொள்ள வசதியுள்ளவர்கள் எத்தனை பேர்? ஆகவே கடற்கரையிலும் பூங்காவிலும் ஒலிபெருக்கி கட்டி, மாலை வேளையில் ஜனங்கள் மணலில் உட்கார்ந்து சங்கீதம் கேட்கும்படி செய்தார்கள். 1938-இல் சென்னையில் அகில இந்திய ரேடியோ நிலையம் வந்தது. 1954 முதல் மத்திய சர்க்காரும் மாகாண சர்க்கார்களும் செலவைப் பகிர்ந்துகொண்டு கிராமங்களுக்குப் பொது ரேடியோப் பெட்டிகள் கொடுத்தார்கள். பஞ்சாயத்துக் கட்டிடத்தில் பூட்டிய அறைக்குள் ரேடியோ. வெளியே மரத்திலோ கம்பத்திலோ குழாய் மாதிரி ஒலிபெருக்கி. அந்தப் பூட்டின் சாவியை வைத்திருந்தவருக்கு ஊரில் இருந்த செல்வாக்கே தனி. ஏழே கால் மணிச் செய்திக்கு அவர் வந்து திறக்காவிட்டால், உலகத்தில் அன்றைக்கு ஒன்றும் நடக்கவில்லை என்று அர்த்தம்!

1956-இல் புனா உள்பட ஐந்து ஜில்லாக்களில் யுனெஸ்கோ உதவியோடு ஒரு பரீட்சை செய்தார்கள். 150 கிராமங்களில், ரேடியோவை வைத்துவிட்டுச் சும்மா போகாமல், விவசாயிகளைச் சிறு குழுக்களாக உட்காரவைத்துக் கேட்கச் செய்தார்கள். கேட்டதைப் பற்றிப் பேசவைத்தார்கள். அவர்களுடைய கேள்விகளை எழுதி நிலையத்துக்கு அனுப்பினார்கள். அந்தக் கிராமங்களில் ஜனங்கள் விஷயத்தை நன்றாகப் பிடித்துக்கொண்டார்கள். கேட்பவன் திரும்பக் கேள்வி கேட்க வழியிருந்தால்தான் செய்தி மனதில் தங்கும் என்பது அப்போதே தெரிந்துபோயிற்று.

ஓரிடத்திலிருந்து அனுப்பும் படத்தை ஆயிரக்கணக்கான ஊர்களில் ஒரே சமயத்தில் பொதுத் திரையில் காட்டும் காரியத்தையும் இந்தியா வெகு சீக்கிரமே செய்து பார்த்துவிட்டது. 1975 ஆகஸ்ட் முதல் 1976 ஜூலை வரை ஒரு வருஷம். அமெரிக்காவின் செயற்கைக் கோள் ஒன்றை இரவல் வாங்கி, ஆந்திரம், கர்நாடகம், ஒரிஸ்ஸா, பீகார், மத்தியப் பிரதேசம், ராஜஸ்தான் ஆகிய ஆறு மாகாணங்களில் 2,400 கிராமங்களுக்கு நேராக டெலிவிஷன் காட்டினார்கள். தமிழ்நாடு அதில் இல்லை. கோழிக்கூட்டுக்கு அடிக்கும் கம்பி வலையை வளைத்துப் பத்தடி அகலக் குடையாகச் செய்து கூரையில் வைத்தார்கள். மின்சாரம் இல்லாத சில ஊர்களில் பேட்டரியில் ஓட்டினார்கள். கொழும்பில் குடியிருந்த ஆங்கில எழுத்தாளர் ஆர்தர் கிளார்க்கின் வீட்டு மாடியிலும் அப்படி ஒரு குடையை நம் விஞ்ஞானிகள் போய் வைத்துவிட்டு வந்தார்கள். பூமியைச் சுற்றும் கோள் மூலம் செய்தி அனுப்பலாம் என்று 1945-லேயே எழுதியவர் அவர். எழுத்தாளனுக்குச் செய்த மரியாதைகளில் அதைவிடச் சிறந்ததாக ஒன்று எனக்குத் தெரியவில்லை.

அந்த ஒரு வருஷத்தில் ஜனங்கள் வியந்தது வானத்துக் கோளைக் கண்டுதான். எனக்கு ஆச்சரியம் வேறு. எலியும் தூசியும் வோல்டேஜ் கோளாறும் உள்ள கிராமங்களில் அந்தப் பெட்டிகளில் பெரும்பாலானவை பெரும்பாலான நாட்கள் ஓடின! காரணம், இந்த ஊர்களுக்கு இந்தப் பழுது பார்க்கும் நிலையம் என்று முன்கூட்டியே வகுத்து வைத்திருந்தார்கள். ஒரு பெட்டி நின்றால் அங்கே செய்தி போகும், ஜீப் புறப்படும்.

மாப்பிள்ளையின் தொழிலும் அந்த ஜீப்பின் வாரிசுதான். பெட்டியைப் பொருத்துவது அரை நாள் வேலை. ஒரு கேபிளில் படம் போகும். மற்றொன்றில் மின்சாரம் வரும். 2012-இல் இங்கிலாந்தில் பள்ளிப் பிள்ளைகள் கணிப்பொறி பழகுவதற்காக ராஸ்பெர்ரி பை என்ற சின்ன அட்டையை 35 டாலருக்கு விற்க ஆரம்பித்தார்கள். அதிலிருந்து இந்த வேலை யாருக்கும் கைக்கெட்டும் விலைக்கு வந்துவிட்டது. பாடுபடுவதெல்லாம் அப்புறம்தான். கம்பெனிக்கு உள்ளே மாட்டிய பெட்டிகளில் மூன்று மாதத்தில் பஞ்சுத் தூசி அடைத்துக்கொள்ளும். காற்றோட்டம் நின்று சூடேறிப் பெட்டி மயங்கிவிடும். திடீரென்று கரண்டு போனால், எழுதிக்கொண்டிருந்த பாதியில் கை உடைந்தது போல் ஞாபகச் சில்லு கெட்டுப்போகும். அதனால் எழுதாமல் படிக்க மட்டும் செய்யும்படி அமைக்க வேண்டும். ஒரு சின்னப் பேட்டரியும் வைக்க வேண்டும். கெட்டுப்போனால் உடனே மாற்றுவதற்கு அதே மாதிரி இன்னொரு சில்லு எழுதித் தயாராக வைத்திருக்க வேண்டும்.

தமிழுக்கென்று தனிக் கஷ்டம் வேறு. முதல் நாள் மாட்டியபோது திரையில் வெறும் கட்டங்களாக வந்ததாம். அடுத்த நாள் எழுத்து வந்தது. ஆனால் முன்னால் நிற்க வேண்டிய கொம்பு பின்னால் போய் நின்றதாம்! கணிப்பொறியில் தமிழை ஒவ்வொருவர் ஒவ்வொரு முறையில் அடித்துக்கொண்டிருந்த காலம் ஒன்று உண்டு. 2010-இல் கோவையில் செம்மொழி மாநாடு நடந்த சமயத்தில்தான், ஒருங்குறியைத் தமிழ்நாட்டு அரசு தன் முறையாக ஏற்றுக்கொண்டது. ஆனாலும் பழைய முறையில் அடித்த சுற்றறிக்கையை அப்படியே அனுப்பிவிட்டு, “ஏம்ப்பா தமிழ் வரலே?” என்று கேட்கும் குமாஸ்தாக்கள் இன்னும் இருக்கிறார்கள்.

கம்பெனிக்குள்ளே மாட்டியிருக்கும் பலகைகள் வேறு ஜாதி. ஒவ்வொரு தையல் வரிசைக்கும் மேலே, இந்த மணி நேரத்தில் முடிக்க வேண்டிய உருப்படி இத்தனை, முடித்தது இத்தனை என்று எண் ஒளிரும். ஜப்பான் தேசத்து மோட்டார்த் தொழிற்சாலைகளில் பிறந்த வழக்கம். அங்கே அதற்குக் காகித விளக்கு என்று அழகான பெயர். பழுது நேர்ந்தால் தொழிலாளியே விளக்கைப் போட்டு வேலையை நிறுத்தலாம் என்பது அதன் மூல தர்மம். இங்கே வந்து சேர்ந்தது எண் மட்டும்தான். அந்த எண்ணைப் பற்றிப் பெண்கள் பேசும்போது, ஏதோ மாமியாரைப் பற்றிப் பேசுகிற மாதிரி குரலைத் தாழ்த்திக்கொள்கிறார்கள்.

நம் நாட்டில் பலகைகளுக்குப் பஞ்சமில்லை. கல்யாணமானாலும் காது குத்தானாலும் தலைவர் வந்தாலும் சாலையை அடைத்துப் பேனர். 2017 நவம்பரில் கோவையில் அப்படிப்பட்ட ஓர் அலங்கார வளைவுச் சாரத்தில் மோதி ஓர் இளைஞர் உயிரிழந்தார். 2019 செப்டம்பரில் சென்னைப் பள்ளிக்கரணையில் பேனர் சரிந்து, கீழே விழுந்த ஒரு பெண் லாரியில் அகப்பட்டு மாண்டாள். ஊர் முகத்தில் ஒரு பலகையை நிறுத்துகிறவன், அது விழுவதற்கும் பொறுப்பு, அது சொல்லுவதற்கும் பொறுப்பு. இரண்டாவது பொறுப்பைப் பற்றி நாம் இன்னும் பேசத் தொடங்கவில்லை.

மாப்பிள்ளை ஏணியை விட்டு இறங்கினான். பெட்டிக்குள் சில்லறைக் காசு அளவுள்ள பேட்டரியோடு ஒரு கடிகாரத்தைச் சேர்த்திருந்தான். 2023-இல் வந்த புதிய அட்டைகளில் கடிகாரத்தை உள்ளேயே வைத்து, பேட்டரி மாட்ட இடமும் விட்டிருக்கிறார்களாம். பழையதற்கு நாமே வாங்கிச் சேர்க்க வேண்டும். நூறு இருநூறு ரூபாய்ச் சங்கதி. திரையின் மேல் மூலையில் நாள், தேதி, மணி மூன்றும் பெரிய எழுத்தில் வரும்படி மாற்றினான். கம்பெனிக்காரர்கள் முதலில் இடம் போதாது என்றார்களாம். இவன் பிடிவாதமாக நின்று வாங்கிவிட்டான். திரைக்குக் கீழே ஒரு கரும்பலகையையும் மாட்டினான். காவல்காரர் தினமும் காலையில் தேதியையும் பஸ் நேரத்தையும் சாக்கட்டியால் எழுத வேண்டும். மேலே ஒன்றும் கீழே ஒன்றுமாக இருந்தால், உடனே போன் செய்ய வேண்டும். யாருக்கு?

“அதையும் எழுதிப் போட்டிருக்கறனுங்க மாமா” என்றான். கரும்பலகையின் அடியில் அழியாத மையினால் தன் பெயரையும் டெலிபோன் எண்ணையும் எழுதி வைத்திருந்தான்.

மறுநாள் விடியற்காலை நான் பஸ் ஏறுவதற்காக அந்த முக்குக்கு வந்தேன். பனி இறங்கிக்கொண்டிருந்தது. கூலியை வாங்க மறுத்த அந்தப் பெண்ணும் வந்தாள். அவள்தான் என்று காவல்காரர் காதோடு சொன்னார். வந்தவள் பஸ் நேரத்தை முதலில் பார்க்கவில்லை. தலையை நிமிர்த்தி மூலையில் இருந்த தேதியைப் பார்த்தாள். குனிந்து கரும்பலகையில் இருந்த தேதியைப் பார்த்தாள். பிறகு காவல்காரரைப் பார்த்து, “இன்னைக்குத் தை பதினெட்டுத்தானுங்களே?” என்று கேட்டாள்.

“ஆமாம்மிணி” என்றார் அவர்.

அப்புறம்தான் அவள் போசியைக் கீழே வைத்துவிட்டு பஸ்ஸுக்காக நின்றாள்.